பங்குச் சண்டையில் தொலையும் வான்வழிகள்

சேலத்தில் மூன்று முறை நின்ற விமானம், இரண்டு ரூபாய்க்குக் கைமாறிய நிறுவனம், கோவைக்கு வந்துபோன கொழும்பு விமானம்... கொங்கு நாட்டின் வான்வழியை முடிவு செய்வது யார்?

சேலத்துக்கு விமானம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் நின்றது. நான்காவது முறையாக 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஏன் இப்படி விட்டுவிட்டு வருகிறது என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்தான்: “ஆள் ஏறலைங்க, அதான் நிறுத்திட்டாங்க.” அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, சேலத்திலோ கோவையிலோ நடக்காத கூட்டங்களில் இருக்கிறது. இயக்குநர் குழுக் கூட்டங்கள், வங்கிகளின் கூட்டங்கள், டெல்லி அமைச்சகத்தின் கூட்டங்கள், வெளிநாட்டுத் தலைநகரங்களில் நடந்த பேரங்கள். இந்தக் கட்டுரை அந்த மறுபாதியைப் பற்றியது.

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 1993இல் விமான நிலையம் திறந்தது. முதலில் பறந்தது என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ். காற்றாலைத் தொழிலில் பெயர் வாங்கிய சென்னைக் குழுமத்தின் நிறுவனம் அது. சேலத்தில் அன்று போதிய ஆள் ஏறவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்த நிறுவனம் செய்த காரியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1995இல் மும்பையின் தமானியா ஏர்வேஸை வாங்கி, தாங்க முடியாத சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில் மொத்த நிறுவனமும் படுத்துவிட்டது. சேலத்தில் ஆள் நிரம்பி வழிந்திருந்தாலும் அந்த விமானம் 1997ஐத் தாண்டியிருக்காது.

அடுத்து 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. சென்னைக்குச் சின்ன ஏடிஆர் விமானம். 2011இல் அதுவும் நின்றது. மூன்றாவதாக, சின்ன ஊர்த் தடங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. இந்த முறை மக்கள் ஆதரவு நன்றாகவே இருந்தது. ஆனால் உடான் மானியம் மூன்றாண்டுக் கணக்கு; அது முடியும் வேளையில் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, 2021இல் சேவை நின்றது. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் நிறுவனத்தில் பங்கு வாங்கப்போவதாக ஒருவர் பின் ஒருவராக முதலீட்டாளர்கள் அறிவித்தார்கள். நிறுவனம் நிமிரவில்லை, 2022 பிப்ரவரியில் பறப்பதையே நிறுத்தியது.

கிங்ஃபிஷர் சேலத்துக்கு வந்ததும் போனதும் தனியாகச் சொல்லவேண்டிய கதை. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குவது எப்படி ஒரு வழித்தடத்தையே வாங்குவதாகிறது என்பதற்கு இந்தியாவில் அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அந்தக் காலத்தில் ‘5/20’ என்றொரு விதி இருந்தது. வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால் ஒரு நிறுவனம் ஐந்து ஆண்டுகள் உள்நாட்டில் பறந்திருக்க வேண்டும். கையில் 20 விமானங்கள் இருக்க வேண்டும். விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் 2005இல் தொடங்கியது. 2010 வரை காத்திருக்க வேண்டும். கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003இலேயே தொடங்கிவிட்டது; அதற்கு 2008இல் தகுதி வந்துவிடும். 2007இல் மல்லையா ஏர் டெக்கானில் 26 சதவீதப் பங்கை 550 கோடி ரூபாய்க்கு வாங்கினார். பிறகு இணைப்பு நடந்தது. காகிதத்தில் பார்த்தால் டெக்கான் நிறுவனத்துக்குள் கிங்ஃபிஷர் போய்ச் சேர்ந்து, சேர்ந்தபின் அந்த நிறுவனத்துக்குக் கிங்ஃபிஷர் என்று பெயர் மாறியது. மல்லையா வாங்கியதில் பெரும் மதிப்புள்ளது டெக்கானின் வயது. 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிங்ஃபிஷர் பறந்தது.

சின்ன ஊர்களை இணைப்பதற்காகப் பிறந்த நிறுவனம் டெக்கான். பஸ்ஸில் போகிறவரை விமானத்தில் ஏற்றுவேன் என்று கிளம்பியவர் கோபிநாத். அவருடைய விமானங்களும் ஊழியர்களும் ஊர்ப் பட்டியலும் லண்டன் கனவு கண்ட ஒருவரின் கைக்குப் போயின. கடன் ஏறியது. 2011இல் வங்கிகள் தங்கள் கடனில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டன. ஒரு பங்குக்கு அவை ஒப்புக்கொண்ட விலை 64 ரூபாய் 48 காசு. சந்தையில் அன்று விற்ற விலையைவிட மிக அதிகம். பொதுத்துறை வங்கிகள் ஒரு தனியார் விமான நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஆயின. அதே ஆண்டு கடைசியில் வெட்டு விழுந்தபோது முதலில் போனவை சேலம் மாதிரியான ஊர்களின் ஏடிஆர் சேவைகள். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே நின்றுவிட்டது. சேலத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்குக்கு இதில் எங்கே இடம் இருக்கிறது?

இரண்டு ரூபாய் கைமாற்றம்

தமிழ்நாட்டை நேரடியாகத் தொட்ட பெரிய பங்குச் சண்டை ஸ்பைஸ்ஜெட்டுடையது. 2005இல் அஜய் சிங்கும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். 2010 ஜூனில் சன் குழுமத்தின் கலாநிதி மாறன், லண்டன் தொழிலதிபர் பூபேந்திர கன்சாக்ராவிடமும் அமெரிக்க முதலீட்டாளர் வில்பர் ராஸிடமும் இருந்த பங்குகளை வாங்கி 37.7 சதவீதத்துக்கு உரிமையாளர் ஆனார். அவருடைய தம்பி தயாநிதி மாறன் அப்போது மத்திய ஜவுளி அமைச்சர். திருப்பூரும் கோவையும் அண்ணாந்து பார்த்த அமைச்சகம் அது.

மாறன் காலத்தில் ஸ்பைஸ்ஜெட் எடுத்த முக்கியமான முடிவு, கனடாவின் பம்பார்டியர் கியூ400 விமானங்களை வாங்கியது. 2010 டிசம்பரில் 15 விமானங்களுக்கு ஆர்டர். 78 இருக்கை, காற்றாடி இறக்கை வைத்த எஞ்சின். 180 இருக்கைக்கு மேல் உள்ள போயிங்கை நிரப்ப முடியாத ஊர்களுக்கு இது தோதான வண்டி. தென்னிந்தியாவில் இரண்டாம் நிலை நகரங்களை இணைக்கும் திட்டத்துக்கு இவைதான் அடிப்படை. எனக்குத் தெரிந்தவரை, தென்னகத்தின் நடுத்தர ஊர்களை மனதில் வைத்து ஒரு பெரிய விமான நிறுவனத்தின் உரிமையாளர் பெரும் பணம் போட்டது அப்போதுதான். அந்தத் திட்டம் பிழைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிழைக்கவில்லை. போயிங்குக்கு ஒரு பைலட் கூட்டம், கியூ400க்கு இன்னொரு கூட்டம். உதிரி பாகமும் பராமரிப்பும் இரண்டு மடங்கு. எரிபொருள் விலை உச்சத்தில் இருந்த ஆண்டுகள் வேறு. 2014இல் சம்பளமும் குத்தகையும் தள்ளிப்போயின. குத்தகைக்குக் கொடுத்தவர்கள் விமானங்களைத் திரும்பக் கேட்டார்கள். டிசம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஸ்பைஸ்ஜெட்டின் 186 ஸ்லாட்டுகளை, அதாவது நிலையங்களில் இறங்கி ஏறும் நேர ஒதுக்கீடுகளை, ரத்து செய்தது; ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பதிவுக்குத் தடை போட்டது. அந்த மாதத்தில் மட்டும் 1,800க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. டிசம்பர் 17 அன்று எண்ணெய் நிறுவனங்கள் எரிபொருள் தர மறுக்க, பல மணி நேரம் ஒரு ஸ்பைஸ்ஜெட்டும் எழும்பவில்லை.

அப்போது டெல்லி உள்ளே வந்தது. எண்ணெய் நிறுவனங்கள் 15 நாள் கடன் கொடுக்க வேண்டும், வங்கிகள் 600 கோடி வரை கடன் தர முன்வர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் பேசியது. கிங்ஃபிஷர் விழுந்தபோது நீளாத கை இப்போது நீண்டது. 2015 ஜனவரியில் மாறனும் அவருடைய கே.ஏ.எல். ஏர்வேஸும் தங்களிடமிருந்த 58.46 சதவீதப் பங்கையும் பழைய உரிமையாளர் அஜய் சிங்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விலை: வெறும் இரண்டு ரூபாய். கடன்களையும் பொறுப்புகளையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

தான் நிறுவனத்தில் போட்ட 679 கோடிக்கு ஈடாகத் தரவேண்டிய வாரண்டுகளும் (பிறகு பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமைப் பத்திரங்கள்) முன்னுரிமைப் பங்குகளும் வரவில்லை என்று மாறன் வழக்குப் போட்டார். 2018இல் நடுவர் மன்றம் அவருக்கு 579 கோடியும் வட்டியும் தரச் சொன்னது. அவர் கேட்ட 1,323 கோடி நஷ்டஈட்டை நிராகரித்தது. 2023இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். 2024 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. அதில் தலையிட உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

பத்தாண்டு நடந்த இந்த வழக்கின் பக்கங்களில் வாரண்டு உண்டு, வட்டி உண்டு, பங்கு விலை உண்டு. தடம் இழந்த ஊர்களின் பெயர் கிடையாது. விமான நிறுவனத்தின் கையில் இருக்கும் ரொக்கம் வழக்குக்கும் வட்டிக்கும் போகப் போக, அது பறக்கும் விமானங்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. சுருங்கும்போது எந்த ஊரை வெட்டுவது என்பதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மும்பை, டெல்லி நிலையங்களில் ஸ்லாட் தங்கம் போன்றது. அதை விட்டால் மறுபடி கிடைக்காது. கோவையில் ஸ்லாட் எப்போதும் கிடைக்கும். ஆகவே மும்பை ஸ்லாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அதில் கோவைக்குப் பதிலாக அதிகக் கட்டணம் கிடைக்கும் வேறு ஊரை வைப்பார்கள். கோவையின் இருக்கைகள் நிரம்பித்தான் இருந்தன என்பது அந்தக் கணக்கை மாற்றாது.

இதைத் தடுக்க அரசு விதி இல்லையா என்று கேட்கலாம். 1994இல் தனியாருக்கு வானம் திறந்தபோதே ஒரு வழிகாட்டுதல் வந்தது. பெரு நகரத் தடங்களில் ஒரு நிறுவனம் எவ்வளவு பறக்கிறதோ அதில் 10 சதவீதம் அளவுக்கு வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் போன்ற பகுதிகளுக்கும், 50 சதவீதம் அளவுக்கு மற்றத் தடங்களுக்கும் பறக்க வேண்டும் என்றது அது. கோவையின் பெரும்பாலான தடங்கள் இந்த ‘மற்ற’ என்ற கூடைக்குள் வரும். கூடைக்குள் எந்த ஊர் இருக்க வேண்டும் என்று விதி சொல்லாது. கோவையை எடுத்துவிட்டு இந்தூரை வைத்தாலும் கணக்கு சரியாகிவிடும்.

நம்மவர் முயற்சிகள்

பணம் இங்கேயும் இருக்கிறதே, நாமே ஒரு நிறுவனம் தொடங்கினால் என்ன? கேட்காமல் இருந்ததில்லை. மதுரை ஜவுளிக் குடும்பத்திலிருந்து வந்த பாரமவுன்ட் ஏர்வேஸ் 2005 அக்டோபரில் பறக்கத் தொடங்கியது. பிரேசிலின் எம்ப்ரேயர் ஜெட்டுகள். முழுக்க முழுக்க பிசினஸ் வகுப்பு வசதி. சென்னையையும் கோவையையும் காலை மாலை இணைத்த அந்தச் சேவை ஆலை அதிபர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பிடித்துப்போனது. ஆனால் விமானங்கள் சொந்தமில்லை, குத்தகை. குத்தகை நிறுவனத்துடன் தகராறு முற்றி நீதிமன்றம் வரை போக, 2010இல் விமானங்கள் பதிவை இழந்தன, நிறுவனமும் நின்றது.

கோவையையே தலைமையிடமாகக் கொண்டு ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் வந்தது. கடல்சார் கல்லூரி நடத்தும் கோவைக் குழுமம் ஒன்றின் முதலீடு, ஏடிஆர் விமானம், சென்னை தடம். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து நம் ஊர்ப் பெயரில் ஒரு விமானம் கிளம்பியது என்ற பெருமை எல்லோருக்கும் இருந்தது. ஓராண்டுகூட முடியவில்லை, 2017இல் நின்றுவிட்டது. விமானத் தொழிலில் முதல் சில ஆண்டு நஷ்டத்தைத் தாங்குவதற்கே தனி முதலீடு வேண்டும். நூற்பாலையிலும் பம்ப் தொழிலிலும் நாம் கண்ட லாப வேகத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஒன்றிரண்டு விமானங்களை வைத்துக்கொண்டு தொடங்குகிறவருக்கு, ஒன்று பழுதானாலே அட்டவணை கவிழ்ந்துவிடும்.

மாநில அரசும் இதில் கைகழுவ முடியாது. விமான எரிபொருளுக்குத் தமிழ்நாடு வசூலித்த விற்பனை வரி 29 சதவீதம். நாட்டிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. டாடாவும் மலேசியாவின் ஏர்ஏஷியாவும் சேர்ந்து தொடங்கிய ஏர்ஏஷியா இந்தியா, 2013இல் சென்னையை மையமாக வைக்கப்போவதாகத்தான் பேசியது. 2014 ஜூனில் முதல் விமானம் கிளம்பியது பெங்களூரிலிருந்து. மையம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் கிளைத் தடங்கள் பிரியும். சென்னை கைநழுவியபோது, சென்னையை ஒட்டி வரவேண்டிய மதுரை, கோவை, திருச்சித் தடங்களுக்கான வாய்ப்பும் சேர்ந்து போனது.

ஏன் கொச்சிக்குப் போகிறோம்?

கோவை விமான நிலையம் 1940இல் வந்தது. சர்வதேச நிலையம் என்ற தகுதி 2012இல். இருந்தும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற கொங்குக் குடும்பங்கள் பாலக்காடு, திருச்சூர் வழியாக, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்குக் காரைத் திருப்புகின்றன. “கொச்சி போயிடலாமுங்” என்பது இங்கே பழகிப்போன பேச்சு. திருப்பூர் ஏற்றுமதியாளரின் சாம்பிள் பெட்டியும் பெங்களூருக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ சாலை வழியே போகிறது.

இதற்குக் காரணம் ஓடுபாதையின் நீளம் மட்டுமல்ல. வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. எந்தெந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று அதில் எழுதியிருக்கும். இந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்கு எமிரேட்ஸ் ஆசைப்பட்டாலும் வர முடியாது. துபாய்க்கான பட்டியலில் கோவையைச் சேர்க்கச் சொல்லி இங்குள்ள தொழில் அமைப்புகளும் எம்.பி.க்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறார்கள். ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா உண்டு, சிங்கப்பூருக்கு ஸ்கூட் உண்டு. 2024 ஆகஸ்டில் அபுதாபிக்கு இண்டிகோ தொடங்கியது. துபாய் மட்டும் நகரவில்லை.

டெல்லி சொல்லும் காரணத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வளைகுடா நிறுவனங்களுக்கு வாசலைத் திறந்துவிட்டால் இந்தியப் பயணிகளை அள்ளிக்கொண்டு போய் துபாயிலும் தோஹாவிலும் இறக்கி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுவார்கள். நம் நிறுவனங்கள் நீண்ட தூரம் பறக்கவே கற்றுக்கொள்ளாது. டெல்லிக்கும் மும்பைக்கும் இந்த வாதம் பொருந்தும். கோவை – துபாய் நேரடித் தடத்தை இந்திய நிறுவனங்கள் எடுக்காமலே ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. பாதுகாக்க ஒரு விமானமும் இல்லாத தடத்தில் யாரைப் பாதுகாக்கிறோம்?

இந்தக் கொள்கை எப்போதும் ஒரே உறுதியோடு நின்றதும் இல்லை. 2012 செப்டம்பரில் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் 49 சதவீதம் வரை பங்கு வாங்கலாம் என்று அரசு அனுமதித்தது. 2013 ஏப்ரலில் அபுதாபியின் எதிஹாட், நரேஷ் கோயலின் ஜெட் ஏர்வேஸில் 24 சதவீதத்தை 2,058 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அதை ஒட்டியே இந்தியா – அபுதாபி ஒப்பந்தத்தில் வார இருக்கைகள் சுமார் 13,000இலிருந்து படிப்படியாக 50,000ஆக உயர்ந்தன. பங்கு விற்பனையும் வான் உரிமையும் கைகோத்து வந்ததை நாடாளுமன்றத்தில் கேள்வியாக்கினார்கள். சுப்பிரமணியன் சுவாமி நீதிமன்றம் போனார். ஒரு நிறுவனத்தின் பங்கு விலை போக வேண்டிய தருணத்தில் திறந்த கதவு, ஒரு வட்டாரத்து மக்கள் தட்டும்போது ஏன் திறப்பதில்லை என்பதற்கு எந்த அமைச்சரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த ஜெட் ஏர்வேஸும் நிலைக்கவில்லை. வங்கிகள் புதுப் பணம் போடத் தயங்கின. கோயல் பொறுப்பை விட்டு இறங்கத் தயங்கினார். எதிஹாட் கையைப் பிசைந்தது. மூன்று பங்காளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி ஜெட் விமானம் கிளம்பியது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்க உத்தரவிட்டது.

பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்கு வரும் ஆபத்தைப் பக்கத்திலேயே பார்க்கலாம். 2018 டிசம்பரில் திறந்த கண்ணூர் விமான நிலையத்துக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் வர அனுமதி இல்லை. இந்திய நிறுவனங்களை மட்டும் நம்பியிருந்தது. 2023 மே மாதம் வாடியா குழுமத்தின் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டதும் கண்ணூரின் வளைகுடா சேவைகளில் பெரும் பங்கு ஒரே நாளில் காணாமல் போனது.

கொழும்பில் மாறிய ஆட்சி

கோவைக்கு ஒரு விமானம் வந்துபோன கதையில் இலங்கை அரசியலும் இருக்கிறது. 1998இல் சந்திரிகா குமாரதுங்க ஆட்சியில், ஏர் லங்காவின் 40 சதவீதப் பங்கை எமிரேட்ஸ் 7 கோடி டாலருக்கு வாங்கியது. பத்தாண்டு நிர்வாகப் பொறுப்பும் அதன் கையில். பெயர் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆனது. எமிரேட்ஸின் பங்கு பிறகு 43.63 சதவீதம் வரை உயர்ந்தது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதலில் விமானங்களில் பாதியை இழந்தும் நிறுவனம் எழுந்து நின்றது.

2007 டிசம்பரில் லண்டனிலிருந்து கொழும்பு திரும்ப அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவின் குழுவுக்கு 35 இருக்கைகள் கேட்டார்கள். டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்கி இடம் தர முடியாது என்றார் எமிரேட்ஸ் நியமித்த தலைமை நிர்வாகி பீட்டர் ஹில். சில நாட்களில் அவருடைய வேலை அனுமதியை இலங்கை அரசு ரத்து செய்தது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விலகியது; 2010இல் தன் பங்கை 5.3 கோடி டாலருக்கு அரசிடமே விற்றுவிட்டுப் போனது. நிறுவனத்தின் தலைமைக்கு ஜனாதிபதியின் மைத்துனர் நிஷாந்த விக்கிரமசிங்க வந்தார். 2013இல் ஏ330, ஏ350 ரகப் பெரிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஐரோப்பாவை நோக்கிய கனவு அது. ஏர்பஸ் நிறுவனம் ஊழல் வழக்கில் 2020இல் பிரிட்டனில் செய்துகொண்ட உடன்பாட்டில் இந்தக் கொள்முதலும் ஒரு அத்தியாயம்.

2015இல் ஆட்சி மாறியது. புதிய அரசு குத்தகைக்கு எடுக்கவிருந்த ஏ350களைத் தண்டத்தொகை கட்டி ரத்து செய்தது. 2016இல் பிராங்க்ஃபர்ட், பாரிஸ் தடங்களை நிறுத்தியது. சின்ன விமானங்களை வைத்துக்கொண்டு பக்கத்து நாடுகளில் பணம் பார்ப்போம் என்று திரும்பியபோது, 2017 ஜூலையில் ஹைதராபாத், விசாகப்பட்டினம், கோவை மூன்றுக்கும் புதிய சேவைகள் தொடங்கின.

கோவைக்காரர்கள் மகிழ்ந்தோம். கொழும்பு வழியாக மாலத்தீவும் சிங்கப்பூரும் எட்டும் என்று பேசிக்கொண்டோம். நம் ஊரின் தேவையைக் கணக்கிட்டு வந்த விமானம் என்றே நினைத்தோம். உண்மையில், பாரிஸை விட்டதால் மிஞ்சிய திட்டத்தில் நமக்குக் கிடைத்த இடம் அது. கொழும்பின் கணக்கு மறுபடி மாறியதும் கோவை பட்டியலிலிருந்து விழுந்தது. சென்னையும் திருச்சியும் மதுரையும் பட்டியலில் நிலைத்தன.

நிலம் நம்முடையது, பங்கு?

இந்தக் கதைகளுக்கு நடுவே கோவை தன் கையில் வைத்திருந்த ஒரே துருப்பு நிலம். 2,990 மீட்டர் ஓடுபாதையை நீட்டவும் புதிய முனையம் கட்டவும் சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், காளப்பட்டி, நீலம்பூர், இருகூர் பகுதிகளில் சுமார் 627 ஏக்கர் கையகப்படுத்தும் வேலை பத்தாண்டுகளைத் தாண்டி இழுத்தது. வீட்டையும் தோட்டத்தையும் விட்டுக்கொடுத்த குடும்பங்கள் பல. பணம் கொடுத்தது மாநில அரசு. நிலம் போய்ச் சேர்வது மத்திய அரசின் விமான நிலைய ஆணையத்துக்கு.

2021இல் மத்திய அரசு வெளியிட்ட சொத்துப் பணமாக்கும் திட்டத்தில் 25 விமான நிலையங்களின் பெயர் இருந்தது. சென்னை, மதுரை, திருச்சியோடு கோவையும் அதில் உண்டு. தமிழ்நாட்டின் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் ஒரு கேள்வி எழுப்பினார். மக்கள் பணத்தில் நிலம் வாங்கிக் கொடுக்கிறோம். நாளை நீங்கள் தனியாருக்குக் கொடுத்தால் அந்த நிலத்தின் மதிப்புக்கு மாநிலத்துக்குப் பங்கோ வருவாயில் பகுதியோ வேண்டாமா? தொழில் கொள்கையாகவே மாநில அரசு இதை முன்வைத்தது.

இதற்கு முன்னுதாரணம் பக்கத்திலேயே இருந்தது. திருவனந்தபுரம் நிலையத்தைத் தனியாருக்கு விட்டபோது கேரள அரசு தன் நிறுவனம் மூலம் ஏலத்தில் நின்றது. பயணிக்கு 135 ரூபாய் கேரளம் சொன்னது. அதானி குழுமம் 168 சொன்னது. நிலம் தந்த மாநிலம் வெளியே நின்றது. 2021 அக்டோபரில் நிலையம் அதானி கைக்குப் போனது. உச்சநீதிமன்றத்திலும் கேரளம் தோற்றது. அதே கேரளத்தில் கொச்சி நிலையத்தின் கதை வேறு. அதை 1999இல் திறக்கும்போதே நிறுவனமாக அமைத்திருந்தார்கள். அதில் மாநில அரசுதான் பெரிய பங்குதாரர், முதலமைச்சர்தான் தலைவர். 30 நாடுகளில் வாழும் ஏறத்தாழ 10,000 பேர் சின்னச் சின்னத் தொகையாகப் பங்கு வாங்கினார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் மலையாளி தன் பணத்தில் தன் விமான நிலையத்தைக் கட்டினார். அந்த நிலையத்துக்கு எந்த விமானம் வர வேண்டும் என்று கேட்க அவருக்கு ஒரு ஆண்டுக் கூட்டம் இருக்கிறது. கோவையிலிருந்து நாம் கார் ஓட்டிப் போவது அந்தப் பங்குதாரர்கள் கட்டிய இடத்துக்குத்தான்.

தமிழ்நாட்டின் கோரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கோரிக்கையும் மறுப்புமாக ஆண்டுகள் கழிந்தன. விரிவாக்கம் தாமதமாகிறது என்று கோவைத் தொழில் அமைப்புகள் இரு பக்கத்தையும் நெருக்கின. கடைசியில் மாநில அரசு இறங்கிவந்து 2024இல் நிலத்தை ஒப்படைக்க முடிவெடுத்தது. நகரத்துக்கு ஓடுபாதை அவசரம். அந்த அவசரம் பங்குக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அந்தக் கேள்வி செத்துவிடவில்லை. நிலையம் ஏலத்துக்கு வரும் நாளில் மறுபடி எழும். அப்போது கோவையின் தொழிலதிபர்கள் கட்டணச் சலுகை கேட்டு மனு கொடுப்பதோடு நிற்காமல், கொச்சி மாதிரி ஒரு அமைப்பில் பங்கு கேட்க வேண்டும். ஏர் கார்னிவலில் போட்டதைவிட அது பத்திரமான முதலீடு. விமான நிறுவனங்கள் வந்து போகும், ஓடுபாதை பீளமேட்டிலேயே இருக்கும்.

விமானங்களைப் பொறுத்தவரை அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேல் இண்டிகோ ஒன்றிடமே இருக்கிறார்கள். அங்கும் 2019இல் நிறுவனர்கள் ராகுல் பாட்டியாவும் ராகேஷ் கங்வாலும் வெளிப்படையாக மோதினார்கள். கங்வால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்குக் கடிதம் எழுதினார். 2022 பிப்ரவரியில் இயக்குநர் குழுவை விட்டு விலகி, பங்குகளை விற்கத் தொடங்கினார். கையில் ரொக்கம் இருந்ததால் அந்தச் சண்டை பயணிகளைத் தொடவில்லை. ஆனால் 2025 டிசம்பரில் பைலட்டுகளின் ஓய்வு நேர விதிக்குத் தயாராகாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது நாடே நின்றது. அரசு அதன் அட்டவணையில் 10 சதவீதத்தை வெட்டச் சொன்னது. இரண்டாவது பெரிய குழுமமான ஏர் இந்தியா டாடாவிடம், அதில் 25.1 சதவீதம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். கோவையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் ஸ்கூட்டின் முழு உரிமையாளரும் அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான். கோவை – சிங்கப்பூர் தடத்தில் ஏர் இந்தியா போட்டிக்கு வருமா என்பதை இந்தப் பங்கு விவரத்தைப் பார்க்காமல் யாரும் பேச முடியாது.

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், நாட்டின் விமான அட்டவணை மாறுகிறது. கோவைக்கும் சேலத்துக்கும் எது கூடியது, எது குறைந்தது என்பது அன்றுதான் நமக்குத் தெரிகிறது. உடான் மானியம் வாங்கிய தடத்தையோ ஓராண்டுக்கு மேல் ஓடிய தடத்தையோ நிறுத்தும் நிறுவனம் 90 நாள் முன்பே அறிவித்து, அந்தத் தடத்தில் எத்தனை இருக்கை நிரம்பியது என்ற கணக்கையும் இயக்குநரகத்தின் முன் வைக்க வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். கொங்கு மண்டலத்தின் எம்.பி.க்கள் கட்சி பாராமல் நாடாளுமன்றத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். துபாய் பட்டியல் அதற்கு அடுத்தது.

அந்தக் கணக்கு பொதுவில் வந்தால் சேலத்தில் ஆள் ஏறவில்லையா, இல்லை சேலத்தின் விமானத்தை வேறு யாரோ ஏறிக்கொண்டு போனார்களா என்பது தெரிந்துவிடும்.